சீமாட்டியின் மறுபக்கம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் தங்கங்களே. கதவோரம் இருக்கிறவர்களும் இப்படி வாருங்கள், அங்கே காற்று ஊசி மாதிரி இறங்கும். இன்றைக்கு ஒரு மீன் காணாமல் போன கதை சொல்கிறேன். மீன் காணாமல் போவதெல்லாம் ஒரு கதையா என்று சிரிக்காதீர்கள். அந்த மீனுக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, பிறந்தநாளுக்கு ஊரார் கேக் வெட்டியதும் உண்டு. அதைத் தின்றுவிட்டான் என்று ஒருவன் மேல் பழி விழுந்தது. அவன் தன் பெண்டாட்டி பிள்ளையைக் குடிவைக்க வர்ணம் பூசிக்கொண்டிருந்த வீடு அந்தப் பழியில் கைவிட்டுப் போக இருந்தது. இனிமேல் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஹார்ல்பி ஊரில் மார்ச் பாதி கழிந்ததும் ஆற்றை மூடிவிடுவார்கள். தண்ணீர் பாட்டுக்கு ஓடும்; தூண்டிலுக்குத்தான் தடை. மீன்கள் முட்டையிடும் காலம் என்று ஜூன் பாதி வரை ஆற்றங்கரையில் ஒருவனும் கம்பை நீட்டக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் ஏரிக்குக் கிடையாது. ஆகையால் ஊர் ஆண்கள் மொத்தமும் மடக்கு நாற்காலி, பச்சைக் குடை, புழு டப்பா சகிதம் பழைய செங்கல் குழி ஏரிக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள்.

"ஆத்து மீனுக்குப் பிள்ளைப்பேறு விடுப்பு, ஏரி மீனுக்கு மட்டும் தினக்கூலி. இதுதான் மேடம் நம்ம நாட்டு நியாயம்" என்றான் டெரிக் ஸ்வேல்ஸ், காரை ஏரிப் பாதையில் திருப்பியபடி.

டெரிக் முன்னாள் பேருந்து ஓட்டுநர். இந்நாள் துப்பறியும் உதவியாளர். பிறவி ஆற்று மீன்காரன். ஏரியில் தூண்டில் போடுவதைத் தொட்டியில் நீச்சலடிப்பதற்குச் சமமாக நினைப்பவன். ஆறு மூடியிருக்கும் இந்த மாதங்களில் அவன் முகம் எழவு வீட்டுக்குப் போகிற முகமாகவே இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனிட் கார்ஃபர்த் ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் தலைநரைக்கும்வரை வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிலையம் திறந்தாள். இதுவரை பதினோரு பூனை, ஒரு மாமனார், ஒரு செயற்கைக் கால் கண்டுபிடித்திருக்கிறாள். மீனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அதை வறுத்து உருளைக்கிழங்கோடு காகிதத்தில் சுற்றித் தருவார்கள் என்பது மட்டும்.

"டெரிக், வாயில என்ன?"

"சோளம்."

"அது தூண்டில் இரைக்கு வாங்கினதுதானே?"

"மீன் தொலைஞ்சுபோச்சு. இரை வீணாகக் கூடாது இல்லையா."

சங்கக் கொட்டகை ஏரிக்கரையிலேயே இருந்தது. வாசலில் நின்று வரவேற்றார் தூண்டில் சங்கத் தலைவர் ரோலண்ட் ஹெப்டன். அடர்ந்த வெள்ளை மீசை, கழுத்துப்பட்டையில் தங்க நிறத் தூண்டில் முள் குத்தியிருந்தது. சங்கத்தை ஆரம்பித்தவர் அவர்தான். சங்கத்தின் விதிகளை எழுதியவரும் அவர்தான். அந்த விதிகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சுண்டு: கடவுள் எழுதியதற்குக்கூட மன்னிப்பு உண்டு, ரோலண்ட் எழுதியதற்குக் கிடையாது.

"வாங்க மிஸ் கார்ஃபர்த். சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள உண்மை தெரியணும் எனக்கு" என்றார்.

உள்ளே ஒரு சுவர் முழுக்க ஒரே மீனின் படங்கள். வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு ஆள், ஒரே கெண்டை. பன்றிக்குட்டி அளவுக்கு உருண்டு திரண்டு, விலாவில் பெரிய பெரிய செதில்கள் கோட்டுப் பொத்தான் போல வரிசையாக மின்ன, இடப்பக்கம் தலைவைத்து ஆளாளுக்குக் கையில் ஏந்தியிருந்தார்கள்.

"இவதான் எங்க சீமாட்டி" என்றார் ரோலண்ட். குரல் கொஞ்சம் இறங்கியது. "கண்ணாடிக் கெண்டை. நான்தான் குஞ்சா கொண்டுவந்து விட்டேன். வருஷா வருஷம் ஏப்ரல் வெயிலுக்கு மேற்கு மூலை நாணல்ல முதுகு காட்டுவா. இந்த வருஷம் காட்டல. வலை போட்டு ஏரி முழுக்க இழுத்துப் பாத்தோம். இல்ல."

"செத்திருந்தா?"

"இவ்வளவு பெரிய மீன் செத்தா மிதக்கும் மேடம்" என்றான் டெரிக். "ஊரே வந்து கறுப்புப் பட்டை கட்டியிருக்கும்."

இந்த ஊர் வழக்கத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மீனைப் பிடிப்பார்கள், எடை போடுவார்கள், படம் எடுப்பார்கள், உதட்டில் முள் பட்ட இடத்துக்கு மருந்துகூடத் தடவுவார்கள். பிறகு தண்ணீரில் விட்டுவிடுவார்கள். பிடித்ததைத் தின்கிறவன் அவர்கள் கண்ணில் நாயைத் தின்கிறவன்.

"அல்கிர்தஸ்னு ஒருத்தன்" என்றார் ரோலண்ட், சன்னலைப் பார்த்துக்கொண்டு. "லிதுவேனியாக்காரன். இங்க காய்கறி கட்டுற ஆலையில வேலை. நல்லா தூண்டில் போடுவான். மே மாசத்துலேர்ந்து ஏரிக் காவல் வேலையும், அதோ தெரியுதே, அந்தக் காவல் வீடும் அவனுக்குத்தான்னு முடிவாச்சு. இப்போ அவன் குப்பைத் தொட்டியில கெண்டைச் செதில் கிடந்துச்சு. பக்கத்து வீட்டம்மா எடுத்துக் கொண்டாந்து கொடுத்துட்டாங்க." மேசையிலிருந்த ஜாம் புட்டியைத் தள்ளினார். உள்ளே செதில்கள். "கூட்டத்துல அவனை நீக்கச் சொல்லி எல்லாரும் கத்துவாங்க. நீக்கினா வேலையும் வீடும் போயிடும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க, மிஸ்டர் ஹெப்டன்?"

"நானா? நான் தலைவர். நான் நினைக்கக் கூடாது." அவர் மீசையைத் தடவினார். "அவன் செஞ்சிருக்க மாட்டான்னு நிரூபிக்க முடியுமான்னு பாருங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

குற்றம் நிரூபிக்கக் கூப்பிடுகிறவர்களைத்தான் டெரிக் பார்த்திருக்கிறான். புருவத்தைத் தூக்கினான். எனிட் தூக்கவில்லை. அவள் மேசையில் சட்டம் போட்டு வைத்திருந்த வேறொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ரோலண்டே ஒரு பெரிய கெண்டையைத் தாங்கி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னணி முழுக்க மங்கலாக அழிக்கப்பட்டிருந்தது.

"இது யாரு?"

"அது வேற மீன்" என்றார் ரோலண்ட் சட்டென்று. "போன மாசக் கடைசியில ஒயிட்கேட் ஏரியில பிடிச்சேன். நம்ம வாழ்க்கையிலயே பெருசு. வாரப் பத்திரிகையிலகூடப் போட்டாங்க."

"பின்னாடி ஏன் அழிச்சிருக்கு?"

"இடம் தெரிஞ்சுடக் கூடாதுன்னு எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க மேடம்" என்றான் டெரிக். "மாமியார் வீட்டு விலாசத்தைச் சொல்லுவாங்க, மீன் கிடைச்ச இடத்தை மட்டும் சொல்ல மாட்டாங்க."

வெளியே வந்ததும் எனிட் கேட்டாள். "சுவர்ல இருக்கற அத்தனை படத்துலயும் இவர் இல்லையே, கவனிச்சியா?"

"அதான் இந்த ஊரோட பெரிய நகைச்சுவை. சீமாட்டியைக் கொண்டுவந்து வளர்த்தவரே அவர். ஊர்ல பாதிப் பேர் பிடிச்சாச்சு. அவர் தூண்டில்ல மட்டும் இன்னிவரைக்கும் சிக்கல. கட்டின பொண்டாட்டி கண்டுக்காத மாதிரி."

காவல் வீடு இரண்டே அறை. அல்கிர்தஸ் ஏணி மேல் நின்று உள்ளறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதுக்காரன், கதவை மறைக்கும் தோள்கள், மூக்கு நுனியில் மஞ்சள் பொட்டு. அவர்களைப் பார்த்ததும் இறங்கினான். ஆனால் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"வெளியே போகச் சொல்ல வந்தீங்களா? சாயங்காலம்தான் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள இந்தச் சுவரை முடிச்சுடலாம்னு பாத்தேன்."

"கையை விட்டுப் போகப்போற வீட்டுக்கு எதுக்குய்யா வர்ணம்?" என்றான் டெரிக்.

"பாதிச் சுவர் மஞ்சள், பாதிச் சுவர் அழுக்கு. அடுத்து வர்றவன் என்னைத்தானே திட்டுவான்?"

டெரிக் குனிந்து வர்ண டப்பாவை அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தான்.

எனிட் கையோடு கொண்டுவந்திருந்த ஜாம் புட்டியைத் திறந்து செதில்களைக் கையில் கொட்டினாள். "இது யாரோடது?"

"ஈஸ்டருக்குச் சாப்பிட்ட கெண்டை. டவுன்ல போலந்துக்காரர் கடையில வாங்கினேன், ஐஸ்ல வச்சிருந்தாங்க. எங்க ஊர்ல விசேஷம்னா கெண்டை. இங்க கெண்டைன்னா குடும்பத்துல ஒருத்தர். எனக்குத் தெரியும், அதான் கதவைச் சாத்திட்டுச் சாப்பிட்டேன்."

எனிட் செதில்களை டெரிக்கின் உள்ளங்கையில் வைத்தாள். "எல்லாம் விரல் நகம் அளவு, ஒரே மாதிரி. சுவர்ப் படத்துல இருந்த சீமாட்டிக்கு எப்படி?"

டெரிக் உற்றுப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது. "அட... சீமாட்டி கண்ணாடிக் கெண்டை. அவளுக்கு உடம்புல செதிலே கொஞ்சம்தான், ஒவ்வொண்ணும் சாவித் துவாரம் மூடற அளவு பெருசு. இது சாதாக் கெண்டை! சீமாட்டி உடம்புல எந்தச் செதில் எங்கன்னு மனப்பாடமா ஒப்பிக்கிற பயலுங்க, இந்தப் புட்டியை எட்டிக்கூடப் பாக்கல போல."

"பாக்க வேண்டிய அவசியம் என்ன? அவங்களுக்கு முன்னாடியே தெரியுமே" என்றாள் எனிட்.

"அப்போ நான் போகலாமா?" என்றான் அல்கிர்தஸ். மீதிச் சுவருக்கு வர்ணம் அடிக்கத்தான்.

"அவசரப்படாதீங்க. இது அந்த மீன் இல்லேன்னுதான் ஆச்சு. அந்த மீன் எங்கேன்னு ஆகல. அது வரைக்கும் வேற எங்கயோ வச்சுத் தின்னீங்கன்னு சொல்லுவாங்க." எனிட் ஏணிப் படியில் உட்கார்ந்தாள். "நீங்க சீமாட்டியைப் பிடிச்சிருக்கீங்களா?"

அவன் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "போன கோடையில. இங்க வந்து ரெண்டாவது தடவை தூண்டில் போட்டப்பவே. எல்லாரும் வந்து எடை போட்டாங்க. ஆனா என் படம் சுவர்ல இல்ல."

"ஏன்?"

"தப்பாப் பிடிச்சிருந்தேனாம்."

டெரிக் இருமினான். "மேடம், அது வந்து, இங்க ஒரு வழக்கம். கெண்டைக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. எந்தப் பக்கம் செதில் அழகோ அந்தப் பக்கத்தைத்தான் காட்டணும். சீமாட்டிக்கு அந்தப் பொத்தான் வரிசை இடப்பக்கம். வலப்பக்கம் வெறுந்தோல். இவன் பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு முதுகைக் காட்டின மாதிரி தூக்கிட்டான். ஊரே சிரிச்சுது. ஆத்துக்காரன் நான், எனக்கே எட்டுச்சு."

"படத்தைத் தலைவர் கையில கொடுத்தேன்" என்றான் அல்கிர்தஸ். "பாக்கக்கூட இல்ல. யாரோ சொன்னாங்க, தப்பான பக்கம்னு. உடனே கிழிச்சுப் போட்டுட்டார்."

"பாக்கவே இல்லையா?"

"பாக்கவே இல்ல."

எனிட் கை நீட்டினாள். "உங்க கைபேசியில இருக்குமே?"

இருந்தது. நனைந்த முடியோடு, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு, பெரிய மீனை எல்லோரும் தூக்குவதற்கு நேர்மாறாகத் தூக்கியிருந்தான் அல்கிர்தஸ். வழுக்கையான பழுப்பு விலா. செவுளுக்குப் பின்னால் தனியாக ஒரே ஒரு செதில். வால் பக்கம் சாய்வாக மூன்று.

டெரிக் எட்டிப் பார்த்து, "பாவம், என்ன பிரயோசனம்?" என்றான்.

எனிட் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பாவாடையில் ஒட்டிய மஞ்சளைத் தட்டிவிட்டாள்.

"டெரிக், என் அலுவலகத்துக்குத் தினமும் குடை தேடி ஆளுங்க வருவாங்க. எல்லாருமே குடையை விரிச்ச மாதிரிதான் வர்ணிப்பாங்க. இவ்வளவு அகலம், உள்ளே கட்டம் போட்டிருக்கும், அப்படின்னு. அலமாரியில அது மடங்கித்தானே தொங்கும்? கண்ணு முன்னாடியே இருக்கும், இல்லேன்னு போயிடுவாங்க."

"மேடம், மீனைத் தேட வந்தோம். குடையில எப்போ ஏறினீங்க?"

"ஏரித் தண்ணி வழிஞ்சா எங்கே போகும்?"

வழிந்தால் கிழக்குக் கரை மதகு. மூவரும் நாணலை விலக்கிக்கொண்டு போனார்கள். மதகு வாயில் மீன் தப்பாமலிருக்க இரும்புக் கம்பிச் சட்டம் உண்டு. பிப்ரவரி வெள்ளத்தில் அடித்துவந்த மரத்துண்டு ஒன்று அதன் அடிப்பக்கக் கம்பிகளைப் பெயர்த்து வளைத்திருந்தது. மேலே பார்த்தால் சட்டம் சரியாக இருந்தது. கீழே ஒரு பன்றிக்குட்டி தாராளமாக நுழையலாம். அதற்கப்பால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் வெல்பி ஆறு, ஏப்ரல் வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஆளில்லாமல்.

"ஐயோ" என்றான் டெரிக் பக்தியோடு. "எங்க ஆத்துலயா இருக்கா!"

"அப்போ ஆத்துல போய்ப் பிடிச்சுக் காட்டினா, நான் திருடன் இல்லேன்னு ஆகுமா?" என்றான் அல்கிர்தஸ்.

"ஆகும். ஆனா ஜூன் வரைக்கும் அங்க தூண்டில் போட்டா நீ வேற வகைக் குற்றவாளி. அபராதம் தனி. சங்கத்துல ஆயுள் தடை. தலைவரே எழுதின விதி." டெரிக் பெருமூச்சு விட்டான். "மேடம், வழக்கு முடிஞ்சுது. சாட்சி தண்ணிக்குள்ள இருக்கு, சம்மன் அனுப்ப முடியாது."

"சாட்சி ஏற்கெனவே வெளியே வந்து, படமும் எடுத்துக்கிட்டுப் போயாச்சு" என்றாள் எனிட். "ஒயிட்கேட் ஏரிக்கு நீ போயிருக்கியா?"

"ஒரே தடவை. வாசல்லயே துரத்திட்டாங்க."

"ஏன்? ஜோக் அடிச்சியா?"

"என் கை வலையைக் கொண்டு போயிட்டேன். நோய் தொத்துமாம். வெளி வலை எதுவும் உள்ளே வரக் கூடாது. அவங்களே நீலக் கைப்பிடி போட்ட வலை கொடுப்பாங்க, அதாலதான் மீனை அள்ளணும். ஆஸ்பத்திரி செருப்பு மாதிரி."

எனிட் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள். இந்தத் தடவை வேகமாக.

கூட்டத்துக்கு ஆட்கள் வாசலில் சேர ஆரம்பித்திருந்தார்கள். உள்ளறையில் ரோலண்ட் தனியாக, தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். எனிட் கதவைச் சாத்திவிட்டு, செதில் வேறு மீனுடையது, மதகு உடைந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொன்னாள். சட்டம் போட்ட படத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். அதன் பக்கத்தில் அல்கிர்தஸின் கைபேசியை வைத்தாள்.

டெரிக் ஒன்றைப் பார்த்தான். இன்னொன்றைப் பார்த்தான். செவுளுக்குப் பின்னால் தனியாக ஒரு செதில். வால் பக்கம் சாய்வாக மூன்று. இரண்டிலும்.

"அடப்பாவி!" என்று கத்தினான். "ஒயிட்கேட்காரன்! நம்ம சீமாட்டியைத் திருடி அவன் ஏரியில விட்டு, தலைவருக்கே அனுமதிச் சீட்டு வித்திருக்கான்! தலைவரே, உங்க மீனையே நீங்க..."

"டெரிக்" என்றாள் எனிட், "படத்துல கீழே, புல்லு மேல என்ன கிடக்கு?"

"கை வலை."

"கைப்பிடி என்ன நிறம்?"

டெரிக் குனிந்து உற்றுப் பார்த்தான். பச்சைக் கைப்பிடி. அதில் சிவப்புத் துணி நாடா சுற்றியிருந்தது. அதே வலை, அதே நாடா, இப்போது இந்த அறையின் மூலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

ரோலண்ட் தேநீரைக் கீழே வைத்தார்.

"சும்மா ஆத்தைப் பாத்துட்டு வரலாம்னுதான் போனேன்" என்றார்.

"தூண்டில் கம்பு?"

"அதுவும் கூட வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. டெரிக்கூட.

"ஆளில்லாத ஆறு. அவ்வளவு அமைதி. ஒரே ஒரு தடவைன்னு போட்டேன். இழுத்த இழுப்புலயே தெரிஞ்சுது. கரைக்கு வந்ததும் பாத்தா அவ. இத்தனை வருஷம் வராதவ, வரக் கூடாத இடத்துல, வரக் கூடாத மாசத்துல வந்து என் கையில..." அவர் இரண்டு கைகளையும் மீனை ஏந்துவது போல விரித்தார். "திரும்ப ஏரிக்குக் கொண்டுவரலாம்னு பாத்தேன். மீனை இடம் மாத்த அனுமதி வாங்கணும். அனுமதி கேட்டா எங்க பிடிச்சேன்னு கேப்பாங்க. ஆத்துலயே விட்டுட்டேன். ஆனா படம் எடுக்காம விட முடியல. கரையில குத்தி நிறுத்தற கம்பிக்கால்ல கேமராவை வச்சு நானே எடுத்தேன். எடுத்ததைக் காட்டாம இருக்கவும் முடியல."

"வலப்பக்கமாத் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க" என்றாள் எனிட். "அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாதுன்னு."

"யாருக்கும் தெரியாதுதானே! ஒரு படம்கூடக் கிடையாது..." என்றவர் கைபேசியைப் பார்த்தார். பார்க்காமல் கிழித்துப் போட்டதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"அவன் தின்னலேன்னு உங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்" என்றான் டெரிக். அவன் குரலில் கேலி இல்லை. "ஊர்ல அத்தனை பேர்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"அதனாலதானேய்யா இவங்களைக் கூப்பிட்டேன்!" ரோலண்ட் வெடித்தார். "தூக்கம் வரல எனக்கு. அவன் நிரபராதின்னு யாராவது நிரூபிக்கட்டும்னுதான் கூப்பிட்டேன். செதில் வேற மீனோடது, மதகு உடைஞ்சிருக்கு, அவ்வளவு போதாதா? என்னை எதுக்கு இழுக்கணும்?"

எனிட் கைபேசியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மதகு உடைஞ்சதைச் சொன்னா, 'போயிருக்கலாம்'னு ஆகும். வெளியே நிக்கிறவங்க முகத்தைப் பாத்தீங்களா? 'போயிருக்கலாம்' அவங்களுக்குப் போதாது. வீட்டைக் கொடுக்க மாட்டாங்க. ஆத்துல அவளைக் கண்ணால பாத்தவர் ஒருத்தர் எழுந்து சொல்லணும். நீங்க கேட்டதை நான் செஞ்சுட்டேன் மிஸ்டர் ஹெப்டன். நான் வெளியே போய் இதைச் சொல்லலாம். ஆனா அதை நீங்களே சொன்னா நல்லா இருக்கும்னு தோணுது."

கொட்டகை நிறைந்துவிட்டது. ஈரக் கோட்டு வாசனையும் பன்றிக்கறி அப்ப வாசனையும் கலந்து அடித்தது. அல்கிர்தஸ் கடைசி வரிசையில், மஞ்சள் மூக்கைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இருபுறமும் நாற்காலிகள் காலி.

"தின்னவனை நீக்கு!" என்று ஒரு குரல். "மொதல்ல வீட்டைப் பிடுங்கு!" என்று இன்னொன்று.

ரோலண்ட் எழுந்தார். தலைவர்கள் தொண்டையைச் செருமுவது போல் செருமினார். ஆனால் தலைவர் மாதிரி பேசவில்லை.

"யாரும் தின்னல. சீமாட்டி மதகு வழியா ஆத்துக்குப் போயிட்டா. நான் பாத்தேன். பாத்தேன்னா... பிடிச்சேன். மார்ச் கடைசியில. வெல்பி ஆத்துல."

மூடிய ஆறு. தலைவர். தலைவரின் சொந்த விதி. ஒவ்வொருவர் மனதிலும் இடி இடியாக விழுந்தது. முன்வரிசைக் கிழவர் ஒருவர்தான் மெல்ல வாய் திறந்தார்.

"எவ்வளவு எடை இருந்தா?"

"முப்பத்திமூணு பவுண்டு" என்றார் ரோலண்ட் தலை குனிந்து.

"ரெண்டு பவுண்டு ஏறிட்டா!" என்றது மொத்தக் கொட்டகையும் ஒரே மூச்சில். சில பேர் கைகூடத் தட்டினார்கள். பிறகுதான் தாங்கள் கோபமாக இருக்க வேண்டும் என்று நினைவு வந்து கையை மடியில் போட்டுக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா மேடம்" என்று டெரிக் கிசுகிசுத்தான். "ஆத்துத் தண்ணி உடம்புக்கு ஒத்துக்கிச்சு."

விதி விதிதான். ரோலண்டே அதை வாசித்தார், ரோலண்டே கையைத் தூக்கச் சொன்னார், கைகள் தூக்கப்பட்டன. ஆயுள் தடை. கழுத்துப்பட்டையிலிருந்த தங்க முள்ளைக் கழற்றி மேசையில் வைத்தார். அல்கிர்தஸ் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவன் எழுந்து நின்றான். அத்தனை தலைகளும் திரும்பின.

"மன்னிச்சுட்டியா அவரை?" என்றான் யாரோ, ஆச்சரியமாக.

"இல்ல" என்றான் அல்கிர்தஸ். "எனக்கு ஒண்ணு வேணும், அதுக்காகக் கையைத் தூக்காம வச்சிருக்கேன். அடுத்த சனிக்கிழமை என் மனைவியும் பொண்ணும் ரயில்ல வர்றாங்க. என்னைத் திருடன்னு சொன்னது அவங்க வரைக்கும் போயிடுச்சு. இங்க இருக்கற எங்க நாட்டுக்காரங்க ஃபோன்ல சொல்லிட்டாங்க. நான் இல்லேன்னு சொன்னா, அப்பா அப்படித்தான் சொல்லுவார்னு அந்தப் பொண்ணு நினைக்கும். நீங்க ஸ்டேஷனுக்கு வரணும், மிஸ்டர் ஹெப்டன். நீங்க சொல்லணும்."

ரோலண்ட் தலையை ஆட்டினார். காவல் வீட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய்க் கொடுத்தார். அது சின்னக் கொட்டகைதான். ஆனாலும் அந்த நடை நீளமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க வெல்பி ஆற்றங்கரையில் ஊர்க்காரர்கள் திடீரென்று உடல்நலத்துக்காக உலாத்த ஆரம்பித்தார்கள், நீளமான பைகளோடு. மே பிறக்கும் முன்பே காவலைத் தொடங்கிவிட்ட புதுக் காவல்காரன் அல்கிர்தஸ் ஒவ்வொருவரையும் மரியாதையாக வணக்கம் சொல்லித் திருப்பி அனுப்பினான். டெரிக்கை இரண்டு தடவை.

சனிக்கிழமை ரயில் வந்தது. அல்கிர்தஸின் மனைவி இறங்கியதும் அவன் தோளில் சாய்ந்துவிட்டாள். ஒன்பது வயதுப் பெண் பெரிய முதுகுப் பையோடு தள்ளி நின்றாள். மீசைக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்தார்.

"உங்க அப்பா எதையும் எடுக்கல" என்றார். "அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன். தப்பு என்மேல."

அல்கிர்தஸ் அதைத் தங்கள் மொழியில் சொன்னான். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. அந்தப் பெண் கிழவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு முதுகுப் பையைக் கழற்றி, அவர் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பை கனமாகத்தான் இருந்தது. வீடு வரைக்கும் ரோலண்ட் அதைக் கீழே வைக்கவில்லை.

அவ்வளவுதான், என் தங்கங்களே. எழுந்து பத்திரமாக வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் உலை எப்போதும் கொதிக்கட்டும், தூரத்தில் இருக்கிறவர்கள் சுகமாக வந்து சேரட்டும். உங்கள் வீட்டார் மேல் வீண்பழி விழாதிருக்கட்டும். விழுந்தாலும், உண்மை தெரிந்த ஒருவர் உங்களுக்காக எழுந்து நிற்கட்டும். அவர் கொஞ்சம் சீக்கிரமாகவே எழுந்து நிற்கட்டும்.